கல்லறை வாசலில் எலும்புப் பாடம்

எலும்பு டீச்சருக்குப் பயப்படாத ஆம்பிளை பழவேற்காட்டிலேயே கிடையாது. புயலில் படகு விட்டவர்கள்கூட அவர் குடையைக் கண்டால் வலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பிடித்தால் "உன் பொண்ணு ஏன் வகுப்புக்கு வரல?" என்பார். ஆள் ஒல்லி. கொடியில் காயப்போட்ட சேலைக்குக்கூட அவரைவிடச் சதை உண்டு.

என்னிடம்தான் மீன் வாங்குவார். மடவையைத் தூக்கிப் பார்த்து, "சதை கிடக்கட்டும்மா, முள்ளு முழுசா இருக்கா?" என்று கேட்பார். வகுப்பில் காட்டவாம்.

பள்ளிக்கூடத்தில் ஓர் எலும்புக்கூடு இருந்தது. பையன்களுக்கு மட்டும். அறைச் சாவி ஹெட்மாஸ்டர் பையில். "பொம்பளப் பசங்க பாத்தா பயந்துடும். அதுங்களுக்குத் தையல் இருக்குல்ல?" என்பார். என் மகள் அமுதா பொன்னேரிக்குப் போய் சயின்ஸ் படிக்க ஒற்றைக்காலில் நின்றாள். எலும்பையே பார்க்காதவளுக்கு எவன் மார்க் போடுவான்?

டீச்சர் சண்டை போடவில்லை. மறுநாள் பெண்பிள்ளைகளை டச்சுக்காரன் கல்லறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாசலில் பக்கத்துக்கு ஒன்றாகக் கல் எலும்புக்கூடு நிற்கிறதே, அதன் விலாவைக் குடைமுனையால் தட்டித் தட்டிப் பாடம். பிள்ளைகள் ஒப்பித்த சத்தம் படகுத்துறை வரை கேட்டது.

இங்கே கட்டின புருஷன் செத்தாலும் பொம்பளைகள் நாங்கள் சுடுகாட்டுக்குப் போகாமல் தெருமுனையோடு திரும்பிவிடுகிறவர்கள். ஊர் கொதித்தது. தலைவர் பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"இன்னா டீச்சரம்மா, வயசுப் பொண்ணுங்கள கல்லறைக்கு இட்டுனு போறீங்களே, அப்பால எவன் கட்டுவான்?"

"தப்புதான் ஐயா. நாளைக்கு இடுப்பெலும்பு, நாளன்னிக்கு தொடையெலும்பு. அதோட முடிச்சுடறேன்."

"ஐயய்ய, நாளைக்குமா? ஊர்ல வேற எலும்பே இல்லியா?"

"இருக்குங்க. ஸ்கூல்ல. பூட்டின ரூம்ல."

தலைவர் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். "இன்னா சார் பாத்துனு கீறே? சாவிய எடு! பொண்ணுங்க இனிமே கல்லறைப் பக்கமே போவக்கூடாது. அவ்ளோதான்!"

ஊர் மானத்தைத் தலைவர் காப்பாற்றிவிட்டார் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. டீச்சர் அன்றைக்கு என்னிடம் மடவை வாங்கினார். முள்ளைப் பார்க்கவே இல்லை.

அவர் மாற்றலாகிப் போய் எத்தனையோ காலமாயிற்று. அமுதா இப்போது பொன்னேரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். போன மாசம் என் இருமலுக்கு நெஞ்சைப் படம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"இன்னாம்மா தெரியுது?"

"உங்க டீச்சருதாண்டி தெரியறாங்க."

அவள் அந்தப் படத்தைக் கீழே வைக்க ரொம்ப நேரமாயிற்று.