சந்தை மைதானத்தில் டூலெட் கட்டிய வீடுகள்

வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனை விட்டுவிட்டு வீட்டு ஓனரை இன்டர்வியூ செய்த புரோக்கர், எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் டூலெட். அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். வாக்காளர் பட்டியலைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததாகத் தெரியவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் நான் அங்கேதான் குடியிருக்கிறேன், தண்ணீர் விடுவது நகராட்சி. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை கிடைத்து, ஒரு பெட்டியும் பக்கெட்டுமாக வந்து இறங்கிய எனக்கு வீடு காட்டியவர் டூலெட்தான். ஒல்லி உடம்பு, ஐம்பது வயது, எப்போதும் ஸ்டார்ட் ஆகாத ஒரு மொபெட்.

முதல் வீட்டில் ஓனர் ரிடயர்ட் வாத்தியார். என்னை கேட்டிலேயே நிற்க வைத்துவிட்டு டூலெட் ஆரம்பித்தார்.

"இன்னா சார், ராத்திரில மோட்டர் போடுவீங்களா?"

"எப்பவாவது..."

"டிவி சவுண்டா வெப்பீங்களா? மாடில பசங்க ஷட்டில் ஆடுமா? நம்ம சார் நைட் ஷிப்ட் முடிச்சிகினு வந்து பகல்ல தூங்கறவரு. ஒத்து வருமா, வராதா?"

வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகிய வாத்தியார், வியர்த்துப்போய் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு அப்புறம்தான் அது தன்னுடைய வீடு என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. நாங்கள் தெருமுனை வரைக்கும் ஓடினோம். அடுத்த இரண்டு வீட்டிலும் இதே கதை. கடைசியில் எனக்கு வீடு கிடைத்ததற்கு ஒரே காரணம், அந்த ஓனருக்குக் காது கேட்காது.

இப்படிப்பட்டவரிடம்தான் ஸ்டெல்லாவும் ஆரோக்கியராஜும் வீடு கேட்டு வந்து சேர்ந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஒரகடத்தில் வேலை, ஆனால் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். டவுனில் வாடகை அவர்கள் கைக்கு எட்டவில்லை. எட்டிய ஒரே வீட்டிலும் ஓனர் அம்மாள் பத்தே நாளில் காலி பண்ணச் சொல்லிவிட்டாள்.

"புருஷன் பொண்டாட்டின்னு சொல்றாங்க. ஒருத்தர் வரச்சொல்ல ஒருத்தர் போறாங்க. சேந்தாப்புல நான் ஒரு நாளும் பாத்ததில்ல. இது இன்னா குடும்பம்?"

அப்புறம் அவள் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில், அவன் ஒரு மேன்ஷனில், இரண்டு வயதுக் குழந்தை ஊரில் அக்கா வீட்டில். கல்யாணமான அந்த இருவரும் சந்தித்துக்கொள்ளும் இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய சந்தை மைதானம். அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவான், அவள் ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும். பிளாஸ்கில் டீ. செல்போனில் குழந்தையின் முகம். அது போனையே அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டதாகச் சொல்லி ஸ்டெல்லா சிரிப்பாள். அங்கே பஸ்ஸுக்கு நிற்கும் எங்களுக்குச் சிரிப்பு வராது.

ஊர் நடுவில் அத்தனை பெரிய மைதானம் சும்மா கிடந்தது. நகராட்சி இடம். சந்தை வேறு இடத்துக்குப் போன பிறகு அங்கே நடந்தது இரண்டே காரியம்: மேடை மேலே பொதுக்கூட்டம், மேடைக்குக் கீழே பன்றி. ஒருநாள் டூலெட் அந்த மைதானத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இங்க நகராட்சியே வூடு கட்டி நம்ம ஆளுங்களுக்குக் கம்மி வாடகைக்கு வுடணும். ஓனரா இருக்க அதான் லாயக்கு."

"ஏன்?"

"அதுக்குக் கண்ணு கெடையாது, எவன் எப்ப வரான்னு பாக்காது. மூக்கும் கெடையாது, கருவாடு வறுத்தா சண்டைக்கு வராது."

"மூக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நம்ம ஊரு கால்வாய நீங்க பாத்ததில்லையா?"

மனு கொடுப்பார் என்று நினைத்தேன். மறுநாள் காலை பார்த்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஹால், சமையல்கட்டு, பாத்ரூம், வாசலுக்கு மட்டும் கோட்டில் இடைவெளி. வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு நம்பர். ஆறாம் நம்பர் ஸ்டெல்லாவுக்கு.

"அண்ணாச்சி, சுவரே இல்லையே?" என்றாள் அவள்.

"கோடு போட்டாச்சில்ல? சுவரு தானா வரும். செருப்ப வெளிய வுட்டுட்டு வா."

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. ஷிப்டுக்கு பஸ் பிடிக்க வருகிறவர்கள் நிழல் பார்த்து எங்கேயோ நிற்பதற்குப் பதில், அவரவர் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வாசலில் செருப்பு சேர்ந்தது. ஒரு வாரத்தில் குடித்தனமே ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நம்பர்க்காரன் நாலாம் நம்பரின் சமையல்கட்டு வழியாகக் குறுக்கே நடந்தான் என்று பஞ்சாயத்து. ஒருத்திக்கு வாஸ்து சரியில்லை, அடுப்படி அக்னி மூலைக்கு வரவேண்டும். டூலெட் சலித்துக்கொள்ளாமல் அழித்துப் போட்டார். மழை பெய்தால் ஊரே கரைந்துவிடும், வெயில் வந்ததும் மறுபடி கட்டுவார். பெரிய சிக்கல் மாடிதான். கீழே இடம் தீர்ந்ததும் முதல், இரண்டாவது, மூன்றாவது மாடிகளையும் தாராளமாக ஒதுக்கிவிட்டார். மாடிக்காரர்களுக்கு உட்கார இடமில்லை. பாவம், காம்பவுண்டுச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் வீட்டு ஓனர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். இந்த ஆள் வாடகையை இறக்கிவிடுவான் என்று பயம். இனி டூலெட் கூட்டிவரும் யாருக்கும் வீடில்லை என்று பேசிவைத்துக்கொண்டார்கள். அவருடைய பிழைப்பில் மண். மொபெட்டை விற்றார். அதை வாங்கவும் ஒருவன் கிடைத்தான் என்பது தனி ஆச்சரியம்.

"தொழிலே போச்சேண்ணே, எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"போனா போவுது சார். ஆயுசு முழுக்க வூட்ட காட்டிகினே கீறேன். ஒரு தபாவாவது குடுக்க வாணாமா?"

அந்த நேரத்தில்தான் மைதானத்தில் கடை காம்ப்ளெக்ஸ் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. இடத்தைப் பார்க்க, ஊருக்குப் புதிதாக வந்திருந்த நகராட்சி ஆணையர் அம்மா, இன்ஜினியர், ஒரு கான்ட்ராக்டர் எல்லோரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஷிப்ட் மாறும் நேரம், எல்லா வீட்டிலும் ஆள். கான்ட்ராக்டர் டேப்பை இழுத்துக்கொண்டு நேராக நடந்தார்.

"ஐயோ, சுவரு! சுவரு!" என்று எல்லா வீட்டிலிருந்தும் கத்தினார்கள்.

மனிதர் பதறிப்போய் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். வைத்த காலை எடுப்பதா, எடுத்த காலை வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆணையர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தது ஆறாம் நம்பர். ஸ்டெல்லா சட்டென்று எழுந்தாள். யோசித்துச் செய்ததில்லை, வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்திருக்கிற பழக்கம்தான்.

"வாங்க மேடம். உள்ள வாங்க."

அந்த அம்மாவும் யோசிக்கவில்லை. கோட்டின் இடைவெளிக்கு வந்து, அங்கே கிடந்த செருப்புகளைப் பார்த்து, தன் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அதற்குள் பாய் விரித்தாகிவிட்டது, டீயும் ஊற்றியாகிவிட்டது. ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் நம் ஊரில் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"குழந்தை எங்கம்மா?"

"ஊர்ல அக்கா வீட்ல இருக்கான் மேடம். வீடு கெடச்ச உடனே கூட்டிட்டு வந்திருவோம்."

டூலெட் மேலே பறந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணையர் அம்மா டீயைக் குடித்து முடித்தார்.

"வீடாவே கட்டினா எத்தனை வரும்?" என்று இன்ஜினியரைக் கேட்டார்.

இன்ஜினியர் பேப்பரைப் புரட்டினார். டூலெட்டுக்குப் பொறுமை இல்லை.

"கீழ நீங்களே எண்ணிக்கலாம் மேடம். மாடிக்காரங்க அதோ, காம்பவுண்டு மேல கீறாங்க."

அந்த அம்மா சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

உடனே கட்டிவிட்டார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஃபைல் மேலே போனது, கீழே வந்தது, ஓனர்கள் ஆட்சேபித்தார்கள், நிதி வராமல் நின்றது, வந்தது. டூலெட்டின் மிச்ச முடியும் நரைத்த பிறகு கட்டடம் எழுந்தது. வீடு ஒதுக்கும் குலுக்கல் நாளன்று அவர் பந்தலுக்குள் வரவே இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி நின்று, சம்பந்தமே இல்லாத பஸ்களின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா பெயர் வந்தபோது நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். மூன்றாவது மாடி.

"மூணாவது மாடியா? ஆறாம் நம்பர் அவங்களுது சார்!" என்று சண்டைக்குப் போனார். ஆறாம் நம்பர் கிடைத்த அப்பாவியிடம், "நீ அவங்க ஹால்ல கீற" என்று சொல்லிவிட்டும் வந்தார்.

பால் காய்ச்சும் நாளில் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்ட அந்தக் குட்டிப் பையன் ஊரிலிருந்து வந்திருந்தான். போனில் இருந்த அம்மா இனி தினமும் நிஜத்தில், இத்தனை பெரிதாக, கூடவே இருப்பாள் என்பதை நம்பாமல் அவள் புடவையைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். டூலெட் வந்தார். புரோக்கர் குணம் போகுமா, ஹால் சின்னது என்றார், பாத்ரூம் கதவு திருப்பிப் போட்டிருக்கிறது என்றார். எனக்குத் தெரிந்து அவர் எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதுதான் அவர் தொழில்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்று ஸ்டெல்லா அதட்டினாள்.

உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து, முதுகைச் சுவரில் வைத்தார். பிறகு நன்றாக அழுத்திப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"சாஞ்சி பாருங்க சார். தாங்குது."

நானும் போய் அவருக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன்.