எதிர்ப்பு சக்தி ஏறிய மந்தி

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் காட்டில், செவ்வந்தி என்றொரு மந்தி இருந்தாள். காலையில் எழுந்தால் அவளுடைய விரல்கள் மடங்காது. உச்சி வெயில் வரும்வரை கிளையைப் பிடிக்க முடியாது. தரையில் உட்கார்ந்த மந்தியை அந்தக் காட்டில் யாரும் இரண்டு நாளுக்கு மேல் பார்த்ததில்லை.

கொக்கு டாக்டர் விரல்களை அமுக்கிப் பார்த்தார்.

"முடக்குவாதம்மா. கிருமியை விரட்ட வேண்டிய உங்க காவல் அணுக்கள் உங்க மூட்டையே கடிக்குது. 'கடி, கடி'ன்னு ஒண்ணுக்கொண்ணு சேதி வேற அனுப்புது. பயாலஜிக் ஊசின்னு ஒண்ணு இருக்கு. அந்தச் சேதியை வழியிலேயே மடக்கிடும். எதிர்ப்பு சக்தி கொஞ்சம் குறையும். காய்ச்சல் வந்தா உடனே வந்துடணும்."

காசநோய் இல்லை என்று சோதித்த பிறகே ஊசி போட்டார். மூன்றாம் மாதம் செவ்வந்தி கிளைக்குக் கிளை தாவினாள். அதோடு சும்மா இருந்திருக்கலாம். காட்டின் வாட்ஸ்அப் குழுவில் டாக்டருக்கு நன்றி சொல்லப் போனாள்.

குழுவின் அட்மின் கரடியார். பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர்.

"எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற ஊசியா! அறிவிருக்கிறவங்க போட்டுக்குவாங்களா தாயி?" என்று எழுதினார்.

முயல் அழுகிற பொம்மை போட்டது. தன் அத்தைக்கும் இப்படித்தான் ஆனது என்றது கழுதை. அத்தைக்கு என்ன நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கரடியார்மேல்கூட அவ்வளவு கோபமில்லை, ஒன்றும் கேட்காமலே அழுத அந்த முயல்மேல்தான்.

செவ்வந்தி பயந்துபோய் ஊசியை நிறுத்தினாள். கரடியார் சொன்ன கஷாயத்தை மூன்று வேளையும் குடித்தாள். கஷாயம் என்ன செய்ததோ, தெரியாது. மடக்க ஆளில்லாத அணுக்கள் மறுபடி சேதி அனுப்பி, மறுபடி கடித்தன. ஆறு மாதத்தில் விரல்கள் கோணிக்கொண்டன.

டாக்டர் முகத்தில் விழிக்க வெட்கம். ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் குழுவில் போட்டாள். அழற்சியைக் காட்டும் எண்களெல்லாம் எல்லை தாண்டியிருந்தன.

"பாத்தீங்களா, எல்லாமே ஏறியிருக்கு! எதிர்ப்பு சக்தி டபுள்!" என்று துள்ளினார் கரடியார்.

கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. அதுவரை வாயே திறக்காத சிறுத்தை மட்டும் அன்போடு விசாரித்தது: "இப்ப எந்த மரத்தடியில இருக்கீங்கக்கா?"

எழுத விரல் வராததால் செவ்வந்தி குரல் பதிவில் சொன்னாள்.

நீதி: செத்தாலும் எதிர்ப்பு சக்தியோடு சாக வேண்டும்.