காம்பவுண்டும் கண்ணாடியில் இருந்த ஆறுமுகமும்

கோடு என்ற ஒன்று இந்தப் பூமியில் எங்குமே இருக்கக் கூடாது என்று நினைத்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நம் மண்டையோட்டில் பிரம்மா எழுதி அனுப்புகிறாராமே தலையெழுத்து, அதை இந்த மனிதர் முன்னால் குனிந்து காட்டியிருந்தால் போதும். பழைய பனியன் துணியில் பசையைத் தொட்டு, பொழுது சாய்வதற்குள் வழவழவென்று தேய்த்துக் கொடுத்திருப்பார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. காம்பவுண்டு என்றுதான் கூப்பிடுவோம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் அவருக்கு வேலை. பெயிண்டு காய்ந்த பிறகு ரப்பிங் காம்பவுண்டு என்று ஒரு பசையைப் பூசித் தேய்ப்பார்கள். லாரி கதவில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி மின்னும். மற்ற ஆண்கள் வெற்றிலைப் பை செருகுகிற இடத்தில் அவர் அந்தப் பசை டப்பாவைச் செருகியிருப்பார்.

பட்டறையில் பெயிண்டர்களுக்குத்தான் மரியாதை. தேய்க்கிறவர் அவர்களுக்கு ஒரு படி கீழே. ஆனால் காம்பவுண்டு அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "பிரஷ் புடிக்கறவன் மறைக்கறவனுங்க. நான் எடுக்கறவன். மறைக்கறது வேற, எடுக்கறது வேற" என்பார். பிரஷ்ஷைக் கையால் தொட்டதில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை.

ஒருமுறை பரமத்தி வேலூருக்கு பஸ் ஏறியிருக்கிறார். முன்சீட்டுக் கம்பியில் யாரோ சாவியால் கிறுக்கி வைத்திருந்தார்களாம். தேய்க்க ஆரம்பித்தவர் வேலூரைத் தாண்டி, காவிரியைத் தாண்டி, கரூர் போய் இறங்கினார். கண்டக்டர் சத்தம் போட்டதற்கு, "இன்னும் ஒரு கோடு நிக்குதுங்க. அத உட்டுப்போட்டு எறங்க மனசு வருதுங்களா?" என்று கேட்டாராம்.

தேய்க்கும்போது கோடுகளோடு பேசுவார். அதட்டல் உருட்டல் எல்லாம் கிடையாது. வந்த இடத்தில் நாள் கணக்கில் தங்கிவிட்ட ஒறம்பரையை மனம் நோகாமல் வழியனுப்புகிற மாதிரிதான் பேசுவார். "வா சாமி. எத்தன நாளைக்கு இங்கயே குடியிருப்ப? எந்திரிச்சு வா கண்ணு. போதும், ஊடு போய்ச் சேரு." பக்கத்தில் நின்று கேட்டால் நமக்கே புறப்பட்டுப் போய்விடலாம் போல இருக்கும்.

இந்தப் பேச்சோடு நின்றிருந்தால் தெருவில் யாருக்கும் வருத்தமில்லை. ஒரு மாரியம்மன் நோம்பிக்கு, கோயிலில் பொதுவில் சமைப்பதற்கு வீட்டுக்கு வீடு அண்டா, குண்டான், தாம்பாளம் என்று கொண்டுபோய்க் கொடுத்திருந்தோம். சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உண்ட களைப்பில் கொஞ்சம் கண்ணை மூடினோம். எழுந்து வந்து பார்த்தால் கோயில் வாசலே வெள்ளிக்கடை மாதிரி ஜொலிக்கிறது. காம்பவுண்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "சும்மா கெடந்துச்சுங்க. தேச்சு வெச்சேன்."

நல்ல மனிதர் என்று நாங்கள் வாயாரப் புகழ்ந்துவிட்டுத்தான் பாத்திரத்தை எடுக்கக் குனிந்தோம். ஒன்றிலும் பேரைக் காணோம். கல்யாணத்தில் வந்தது, வளைகாப்பில் வந்தது, மாமியார் கொடுத்தது என்று வெட்டியிருந்த அத்தனை பேரையும் மனிதர் வழித்து எடுத்துவிட்டார்!

"ஏனுங்க, அது என்ற அண்டா!" என்று ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரி கையில் இருந்ததைப் பிடித்து இழுத்தாள்.

"உன்றதுன்னு எங்க எழுதியிருக்குது, காட்டு?"

"அதத்தானே நானும் கேக்கறேன், எங்கயும் எழுதக் காணமே!"

காம்பவுண்டு திகைத்துப் போனார். அவருக்கு எழுத்து தெரியாது. "அதெல்லாம் பேருங்களா? கோடுன்னு நெனச்சுப் போட்டனுங்க" என்றார். எங்கள் வீட்டு அண்டா இன்றைக்கு எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லிச் சண்டை வளர்க்க இப்போது உடம்பில் தெம்பு இல்லை.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் தம்பியின் மானத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி வந்தது.

என் மகள் சரசுவுக்குத் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு அடுத்தபடி தாய்மாமன் சீர்தான். மேளத்தோடு ஊர்வலமாக வர வேண்டும். வந்த சீரைப் பந்தலில் பரப்பி வைக்க வேண்டும். ஒறம்பரை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும், தட்டிப் பார்க்கும், கவிழ்த்துப் போட்டுப் பேர் பார்க்கும். மாப்பிள்ளையின் அத்தை இதில் கை தேர்ந்தவள். குடத்தைச் சுண்டிப் பார்த்தே எடை சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான் எடை போடுவாள். நிச்சயத்தன்று சபையில் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, பொண்ணுக்கு மாமன் இருக்கறாரா, இல்ல பேருக்குத்தானுங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

என் தம்பி மாரப்பன் தூண் ஓரமாக நின்றிருந்தான். பரமத்தி வேலூரில் அவனுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அந்த வருஷம் கொடியெல்லாம் வாடி மண்ணோடு போயிருந்தது. அத்தை கேட்டது காதில் விழுந்ததும் அவன் முகமும் அந்தக் கொடி மாதிரியே ஆயிற்று. "அக்கா, டிவி கொண்டாரேன்" என்றான். அப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் டிவி இருந்தாலே பெரிய சங்கதி. நான் வேண்டாம் என்றால் கேட்கிறவனா?

கல்யாண வாரத்தில் கொண்டுவந்து இறக்கினான். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது மலிவாகக் கொடுத்ததாம். பழையதுதான், ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. மரப்பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கதவைத் திறந்தேன். சன்னல் வெயில் கண்ணாடியில் சாய்வாக விழுந்தது. கீழ் மூலையில் என்னவோ தெரிந்தது.

"என்னக்கா அப்பிடிப் பாக்கற? அது பூ டிசைனு" என்றான் மாரப்பன். அவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. நான் மூன்றாவது வரைக்கும் போனவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன்.

"ஆ... று... மு... க... ம். ஆறுமுகம். அ... ன்... பளிப்பு."

"யாருக்கா அந்த ஆறுமுகம்?"

"அஸ்தம்பட்டியில எவனோ ஒரு தாய்மாமன்டா!"

மரத்தில் வெட்டினால் பேர் நிற்காது என்று அந்த மகராசன், பாத்திரக்கடை மிஷினை வைத்துக் கண்ணாடியிலேயே வெட்டச் சொல்லியிருக்கிறான். எவர்சில்வர் தூக்குப்போசிக்கு வெட்டுகிற மாதிரி, ஆழமாக.

மாரப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கதவத் தொறக்காம அப்பிடியே வெச்சரலாமா?"

"அந்தப் பொம்பள தொறக்காம உடுவாளா?"

"அப்ப நான் கல்யாணத்துக்கே வல்லீக்கா. சீர் கொண்டாராத மாமன்னு சொன்னாலும் தேவல. எரவல் சீர் கொண்டாந்த மாமன்னு சரசு காலம் பூரா கேக்க வேண்டாம்."

நான் வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. காம்பவுண்டைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஊர்ப் பேரையெல்லாம் அழித்தவருக்கு ஒரு ஆறுமுகம் எம்மாத்திரம்?

வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றார். "அழிச்சு எடுத்தர்லாமுங்க அம்மிணி" என்று சொல்லிப் பனியன் துணியைப் பிரித்தார்.

முதலில் லாரிப் பசை. பிறகு பற்பசை. அதற்குப் பிறகு சலித்த திருநீறு. அப்புறம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கெஞ்சி வாங்கிய ஏதோ செம்பொடி. கதவு உரசிய கோடு போயிற்று. அஸ்தம்பட்டிப் பிள்ளைகள் கிறுக்கிய சில்லறைக் கோடெல்லாம் போயிற்று. கண்ணாடி ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிந்தது. அதுதான் வினை. சுற்றிலும் தெளியத் தெளிய, நடுவில் ஆறுமுகம் இன்னும் பளிச்சென்று எழுந்து நின்றார். டிவியைப் போட்டால் செய்தி வாசிக்கிற அம்மாளின் சேலையில் "ஆறுமுகம் அன்பளிப்பு" என்று தெரிந்தது. பார்த்தவுடன் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

எழுதியிருப்பது முருகன் பேர் என்று நான் சொன்ன பிறகு காம்பவுண்டுக்குக் கோட்டை ஒருமையில் பேச வாய் வரவில்லை. "ஏனுங்க சாமி, ஏன் இப்பிடி அடம் புடிக்கறீங்க? அந்தப் பையன்ற மொகத்தப் பாருங்க. கொஞ்சம் எறங்கி வரப்படாதுங்களா?" என்று குழைந்தார். சாமி இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் துணியைக் கீழே வைத்தார். கையை விரித்துப் பார்த்தார். விரல் நுனியில் ரேகை எல்லாம் தேய்ந்து, தோல் உரிந்து, சிவந்து கிடந்தது. மாரப்பன்தான், "உடுங்கண்ணா, எனக்கு இவ்வளவுதான் கொடுப்பினை" என்றான். காம்பவுண்டு அவனைப் பார்த்தார். எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது கையில் பிரஷ் இருந்தது.

"மறைக்கறது எனக்கு ஆகாதுங்க அம்மிணி. ஆனா வேற வழி தெரியிலீங்க" என்றார். லாரிக்குப் பின்கதவில் தாமரை வரைவார்களே, அந்தத் தாமரையை ஆறுமுகத்தின் மேல் வரைந்தார். வாழ்நாளில் பிரஷ் பிடிக்காத கை அல்லவா? தாமரை முட்டைக்கோசு மாதிரி வந்தது. ஆனால் ஆறுமுகம் முழுசாக உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மேளம் முழங்க மாமன் சீர் வந்தது. மாரப்பன் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நடந்து வந்தான். டிவியைப் பந்தல் நடுவில் மேசை மேல் வைத்தார்கள். அத்தை நேராக வந்து கதவைச் சர்ரென்று இழுத்தாள்.

"இதென்னுங்க, டிவிக்குள்ள முட்டக்கோசு?"

ஒறம்பரை சிரித்தது.

"புதுப்பொட்டிக்குப் பூ எதுக்குங்க? அடியில என்னத்த மறைச்சு வெச்சிருக்கறீங்க? யாரு ஊட்டு டிவி இது?" என்று கேட்டுக்கொண்டே நகத்தால் இதழைச் சுரண்ட ஆரம்பித்தாள். பெயிண்டு சரியாகக் காயக்கூட இல்லை. ஒரு இதழ் பெயர்ந்தால் ஆறுமுகத்தின் ஆவன்னா வெளியே வந்துவிடும்.

"தொடாதீங்க அம்மிணி! அது என்ற தப்புங்க!"

பந்தல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு காம்பவுண்டு ஓடி வந்தார். டிவிக்கும் அத்தைக்கும் நடுவில் நின்றார். "பொட்டி பளபளன்னு புதுசா வந்துச்சுங்க. நாந்தான் இன்னும் கொஞ்சம் மின்னட்டும்னு பசையப் போட்டுத் தேச்சு, கண்ணாடியக் கீறிப் போட்டனுங்க. பயந்துக்கிட்டு மேல பூவப் போட்டு மறைச்சு வெச்சேன். மாமன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

கோடு எடுப்பதற்காகவே பிறந்த மனிதர், தானே கோடு போட்டேன் என்று ஊர் கூடின சபையில் சொன்னார். அதை நம்பவைக்க வேறு சாட்சி தேவைப்படவில்லை. எங்கள் தெருக்காரர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள்.

"செஞ்சிருப்பானுங்க! என்ற அண்டாவையே நாசம் பண்ணினவன்!"

"இவங்கிட்ட யாரு டிவியக் காட்டினது?"

அத்தையின் கோபம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. "அட கெரகம் புடிச்ச மனுசா! இத்தாப் பெரிய சீரச் சுமந்து வந்த மாமனுக்கு இப்பிடியா பண்ணுவ?" என்று கரித்துக் கொட்டினாள். பிறகு மாரப்பனிடம் திரும்பி, "நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க தம்பி. மாமன்னா இப்பிடி இருக்கோணும்" என்றாள்.

மாரப்பன் நிஜத்தைச் சொல்ல வாயைத் திறந்தான். காம்பவுண்டு அவன் காலை நன்றாக மிதித்தார். மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சரசு டிவியோடு திருச்செங்கோடு போனாள். முட்டைக்கோசோடு நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் "கோடு எடுக்கப் போய்க் கோடு போட்டவன்" என்ற பேர் காம்பவுண்டுக்கு நிலைத்துவிட்டது. பட்டறையில் புது வண்டியைத் தொட விடாமல் இரும்புக்குத் துரு சுரண்டுகிற வேலைக்குத் தள்ளினார்கள். தெருவில் ஒரு டம்ளர்கூட யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. கேலி பேசினால், "ஆமாங்க, கை தவறிப் போச்சுங்க" என்று சிரிப்பார். ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் வாசல் வாசலாகப் பார்த்தபடி மெல்ல நடந்து போவார்.

நான் மட்டும் கூப்பிட்டுக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் கோடு விழுந்த சாமான் எத்தனை இருந்துவிடும்? சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் வருவதற்கு முன்பே கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து, ஒரு ஆணியை எடுத்து, நல்ல பித்தளைச் செம்பின் வயிற்றில் நானே நாலு கோடு இழுத்து வைப்பேன்.