மகாதேவனின் என்டி

ஜன்னலைச் சாத்த மறந்தது மகாதேவன்தான். விடிய விடியக் குற்றாலச் சாரல் உள்ளே அடித்ததில், காலையில் கம்ப்யூட்டர் கண்ணையே திறக்கவில்லை.

அதில் ஓடியது விண்டோஸ் என்டி 3.51 என்ற அந்தக் காலத்து மென்பொருள். முதலாளி தில்லைநாயகத்தின் மூட்டுவலித் தைலக் கம்பெனிக்கு இருபத்தொன்பது வருடம் முன்பு அது வந்தபோது, அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆளாக இவரும் வந்தார். தினமும் அதில் பாட்டில் லேபிள் அச்சடித்து பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்புவார். நாலு வருடம் முன் முதலாளி மகள் ஸ்ரீமதி, "புது கம்ப்யூட்டருக்கு மாறிருவோமே மாமா" என்றபோது குதித்தார்.

"என்டியை நிறுத்தினா நானும் நின்னுக்கிடுதேன்!"

பேச்சு அத்தோடு முடிந்தது.

இன்று பத்து மணிக்குப் புனலூருக்குச் சரக்கு வண்டி கிளம்ப வேண்டும். லேபிள் இல்லை. எதிர் பியூட்டி பார்லருக்கு ஓடினார்.

"தாயி, அந்த முடி காய வைக்குத மெஷினைக் கொஞ்சம் தா. உசிர் போற காரியம்."

"யாருக்கு அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டருக்கு!"

சூடு காட்டியதில் பெட்டிக்கு உயிர் வந்தது. ஆனால் அதே சூட்டில் கீபோர்டின் எஸ்கேப் பட்டன் உருகி உள்ளே போய்விட்டது. திரையிலோ, ஏதோ ஃபைலைக் காணோம் என்ற புலம்பல். பழைய பிளாப்பிகளைத் தேடியெடுத்துப் போட்டார். எதையோ தட்ட, நீலத்திரை கேட்டது: எல்லாவற்றையும் அழிக்க எஃப், வேண்டாமென்றால் எஸ்கேப்.

ஸ்குரூ டிரைவரால் எஸ்கேப்பை நெம்பினார். ஊன்றியிருந்த இடது கை, எஃப்பின் மேல் இருந்தது.

இருபத்தொன்பது வருடமும் துடைத்துக்கொண்டு போயிற்று.

முதலாளிக்குப் போன் போட்டார். "என்டியைக் கொன்னுட்டேன் மொதலாளி."



"சரி, விடும்வே. வீட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்பிடும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்றைக்கே அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம். வீம்புக்கு நின்றோமே! ராஜினாமாக் கடிதம் எழுதி மடித்துக்கொண்டார். ஷெட்டுப் பெண்களிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாமென்று போனார்.

வண்டி புறப்படத் தயாராக நின்றது. பெட்டி பெட்டியாகப் பாட்டில்கள். எல்லாவற்றிலும் பளபளவென்று லேபிள், இன்றைய தேதியோடு.

"இது... எங்கன இருந்து வந்துது?"

பேக்கிங் செய்யும் முத்துசெல்வி கடைசிப் பெட்டியை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "ஸ்ரீமதியக்கா கம்ப்யூட்டர்ல இருந்துதான் அண்ணாச்சி, நாலு வருசமா வருது. உங்க மனசு நொந்துரும், சொல்லக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாவ. அதான் நீங்க அனுப்புததையும் தெனமும் வாங்கி வச்சிக்கிடுதோம்."