என் ஆய்வேட்டைப் படிக்க எனக்கே நான் கொடுத்த அனுமதி

விருதுநகர் போயி, என் ஆய்வேட்டுல ஒரு காப்பி எடுத்துட்டு வரணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேல அம்புட்டுத்தான்.

மறுநாள் ஒரு கல்லூரியில தமிழ் விரிவுரையாளர் வேலைக்கு இன்டர்வியூ. எம்.ஃபில் ஆய்வேட்டக் கையோட கொண்டு வரச் சொல்லிக் கடுதாசி போட்டிருந்தாக. எங்கிட்ட இருந்த ஒரே பிரதி, மழைக்கு ஓடு ஒழுகி கூழாப் போச்சு. டைப் பண்ணிக் கொடுத்த கடைக்காரரு கம்ப்யூட்டர வித்துட்டுத் திருப்பூர் பக்கம் போயிட்டாரு.

நான் அப்ப சிவகாசியில ஒரு பிரஸ்ல காலண்டருக்குப் புரூப் பாத்துக்கிட்டிருந்தேன். ராகுகாலம் சரியா இருக்கா, எமகண்டம் எடம் மாறிப் போச்சான்னு பாக்கணும். எம்.ஃபில் படிச்சது இதுக்குத்தானான்னு வீட்டுக்கு வர்றவுக எல்லாம் கேட்டாச்சு. இந்த இன்டர்வியூவ விட்டா அடுத்த வருசமும் எமகண்டம்தான். சீசன் நேரம், லீவு கெடைக்காது. வயித்துவலின்னு மேனேஜர்கிட்டப் பொய் சொல்லிட்டு பஸ் ஏறினேன்.

நான் படிச்ச கல்லூரியில புதுசா டிஜிட்டல் நூலகம் தொறந்திருந்தாக. ஏசி ரூம்பு, ஆறு கம்ப்யூட்டரு. வாசல்லயே செருப்பக் கழட்டணும். உள்ள நூலகர் ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருந்தாரு. எங்க ஊரு வெயில்ல ஸ்வெட்டர் போட்ட மனுசர அன்னைக்குத்தான் பாத்தேன்.

"சார், ஆய்வேடு புத்தகமா இருக்குமா?"

"புத்தகத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு, மூட்டை கட்டிக் குடோன்ல போட்டாச்சும்மா. இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான்."

தேடினோம். வந்துருச்சு. 'எம். புதுப்பட்டி வட்டாரப் பட்டாசுத் தொழிலாளர் பேச்சுவழக்கு.' கீழ மா. முத்துச்செல்வின்னு என் பேரு. எனக்கே ஒரு மாதிரி பெருமையா இருந்துச்சு. பக்கத்துல ஒரு பூட்டுப் படம். அத அமுக்கினேன்.

'ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பார்வையிட இயலாது.'

"சார், அந்த ஆசிரியர் நாந்தான்."

"சரிம்மா. அனுமதிக் கடுதாசி கொண்டாந்திருக்கீகளா?"

"யாருகிட்டருந்து?"

"ஆசிரியர்கிட்டருந்து."

சிரிக்கிறாரான்னு மொகத்தப் பாத்தேன். சிரிக்கல.

"எந்தப் புத்திசாலி சார் இதுக்குப் போயி பூட்டுப் போட்டது?"

அவரு எந்திரிச்சுப் போயி ஒரு ஃபைலத் தூக்கிட்டு வந்து, ஒரு படிவத்த எம் முன்னால வச்சாரு. ஆய்வேடு கொடுக்கும்போது நான் எழுதிக் கொடுத்தது. மூணு கட்டம். யார் வேணாலும் படிக்கலாம், கல்லூரிக்குள்ள மட்டும் படிக்கலாம், ஆசிரியர் அனுமதிச்சாத்தான் படிக்கலாம். மூணாவதுல டிக். டிக்குக்குக் கீழ ரெண்டு கோடு வேற. எங்கையெழுத்தேதான்.

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. பட்டாசுக்குத் திரி வைக்கிற பொம்பளைக பேசுற வார்த்தைகளத் தொகுத்திருந்தேன். எவளாவது அதத் திருடி டாக்டர் பட்டம் வாங்கிருவான்னு பயம். கூடப் படிச்சவுக எல்லாம் மொதக் கட்டத்துல டிக் போட, நான் மட்டும் 'தன் மதிப்புத் தெரியாதவுக'ன்னு அவுகளப் பாத்துச் சிரிச்சேன்.

சரி, கடுதாசியே எழுதிருவோம்னா, அடையாளத்துக்கு ஏதாச்சும் காட்டணுமாம். ரேஷன் கார்டக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடிய எறக்கிப் பாத்தாரு.

"இதுல பா. முத்துச்செல்வின்னு இருக்கு. ஆய்வேட்டுல மா."

"மா. எங்க அப்பா பேரு சார். பா. எங்க வீட்டுக்காரரு."

"அப்ப ரெண்டு பேரு."

"ரெண்டு பேரு இல்ல சார். ரெண்டு இனிஷியல்."

கார்டத் திருப்பிக் கொடுத்தாரு. "அதுவும் நல்லதுதான். படிக்கிறவுக விண்ணப்பம் ஒண்ணு வேணும், ஆசிரியர் அனுமதி ஒண்ணு வேணும். பா. கேக்கட்டும், மா. கொடுக்கட்டும்."

எழுதினேன். என்ன செய்ய. 'தங்கள் ஆய்வேட்டைப் பார்வையிட விரும்புகிறேன்'னு பா. எழுதினா. 'தங்கள் ஆர்வத்தைப் பாராட்டி அனுமதிக்கிறேன்'னு மா. எழுதினா. அந்தப் பாராட்ட எழுத வேண்டிய அவசியமே இல்ல. இருந்தாலும் எழுதினேன்.

அதுக்கும் ஒரு சிக்கல். மா. கையெழுத்து, பழைய படிவத்துல இருக்குற மாதிரி இல்லையாம். அப்ப இங்கிலீசுல போட்டு, கடைசியில பாம்பு மாதிரி ஒரு வால் இழுத்திருந்தேன். கல்யாணம் ஆன பெறகு அந்த வால் போயிருச்சு.

"இந்தா, படிவம் இருக்குல்ல. பாத்துப் போடுங்க"ன்னாரு.

எங்கையெழுத்த நானே பாத்துக் கள்ளக் கையெழுத்துப் போட்டேன். அஞ்சாவது தடவதான் ஒத்துக்கிட்டாரு. பூட்டு தொறந்துச்சு.

"பிரிண்ட் எடுத்துக்கிறட்டுமா சார்?"

"படிவத்துல அடுத்த வரியப் பாருங்க."

'நகலெடுக்க அனுமதி: இல்லை.'

"அதுக்கும் ஒரு கடுதாசி எழுதித் தாரேன்."

"அத மாத்தணும்னா கமிட்டி கூடணும்மா."

"எப்பக் கூடும்?"

"கமிட்டி இன்னும் போடல."

நோட்டு வாங்கிட்டு வந்து கையால எழுத உக்காந்தேன். முன்னுரையில 'இவ்வாய்வு தமிழுக்கு ஒரு மைல்கல்'னு இருந்துச்சு. அதுக்கு அடுத்த வரியிலேயே பட்டாசு, 'பாட்டசு'ன்னு இருந்துச்சு. பக்கத்துக்கு நாலு பிழை. ஊரு காலண்டரத் திருத்துறவ, தன் மைல்கல்லத் திருத்தல. சாயங்காலம் மூடுற வரைக்கும் எழுதி, பன்னெண்டு பக்கம் தேறுச்சு.

மறுநாள் இன்டர்வியூவுல மூணு பேராசிரியருக. நடுவுல இருந்தவரு நோட்டப் புரட்டிட்டு, "ஆய்வேடு எங்க?"ன்னாரு.

"அணுகல் கட்டுப்பாட்டுல இருக்குங்கய்யா. நகலெடுக்க அனுமதி இல்ல."

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. "அம்புட்டு முக்கியமான ஆய்வா?"

நான் பொய் சொல்லல. அடக்கமா தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

வேல கெடச்சிருச்சு. சேந்த மொத மாசமே மனசு உறுத்துச்சு. திரும்ப அந்த ஸ்வெட்டர்காரர்கிட்டப் போயி, "சார், கமிட்டி கூடுனா என் ஆய்வேட்ட எல்லாரும் படிக்கிற மாதிரி தொறந்து விட்டுருங்க"ன்னேன்.

அவரு நிமிந்து பாத்து, "யாரும்மா கேட்டா?"ன்னாரு.