கழுத்தைப் பிடித்தால் ஃபிரக்டோஸ்

பெரம்பலூர் ஜில்லாவிலேயே சர்க்கரையை நினைத்து அதிகம் பயந்த ஆள், சர்க்கரை வியாதிக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எங்கள் ஹாஸ்டல் குளுக்கோஸ். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள்.

வேதியியல் புத்தகத்தில் சர்க்கரைக்கு நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டு, பக்கவாட்டில் ஆக்சிஜனை வலமும் இடமுமாக மாட்டியிருப்பார்கள். ஒன்று பக்கம் மாறினால் சர்க்கரையே வேறு. அது மறந்துவிடுமோ என்ற பயத்தில் இவள் தன் உடம்பையே அந்தக் கோடாக்கிக்கொண்டாள். வலம், இடம், வலம், வலம் என்று கையை நீட்டினால் குளுக்கோஸ். இரட்டைக் கோட்டு ஆக்சிஜன் உச்சியிலேயே இருக்கும் ஆல்டோஸ் வகை என்றால் முதலில் உச்சந்தலையில் தட்டிக்கொள்வாள். அது ஒரு படி கீழே இருக்கும் ஃபிரக்டோஸ் மாதிரி கீட்டோஸ் வகைக்குக் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் மெஸ்ஸில் அவள் ஃபிரக்டோஸுக்காகக் கழுத்தைப் பிடிக்க, மீன் முள் சிக்கிவிட்டதென்று வார்டன் ஓடிவந்து முதுகில் நாலு போடு போட்டார். ஃபிரக்டோஸுங்க மேடம் என்று இருமிக்கொண்டே சொன்னாள். அவர் நம்பவே இல்லை.

இந்தச் சர்க்கரையெல்லாம் வரும் பேப்பர் எனக்கு அரியர். அதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால்தான் டிகிரி, ஜெயங்கொண்டத்தில் பேசிவைத்த டீச்சர் வேலை. என்னைவிட அவளுக்குத்தான் பயம் அதிகம். தினமும் என் கட்டிலுக்கு எதிரே நின்று ஆடிக் காட்டினாள். பார்த்துப் பார்த்து உருப்போட்டேன்.

பரீட்சை அரியலூரில். காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், சும்மா ஒன்று வரைந்து காட்டு என்றாள். வரைந்தேன். அவள் முகம் செத்துப்போச்சு.

"அடிப்பாவி, அத்தனையும் எல் வகையாப் போட்டிருக்கியேடி."

கடைசிக் கை இடப்பக்கம் வந்தால் எல் வகை; வலப்பக்கம் வந்தால்தான் டி வகை, உடம்பில் சேரும் சர்க்கரை. எதிரே நிற்கிறவளின் வலக்கை எனக்கு இடப்பக்கம் அல்லவா? இத்தனை நாளும் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை. அழுகை முட்டியது. வூட்டுக்கே போயிடறேன் என்றேன்.

அவள் அந்தப் பேப்பரை எப்போதோ பாஸ் பண்ணியவள். இருந்தும் என்னைப் பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறி, என் சீட்டுக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். வலம், இடம், வலம், வலம். சிமெண்ட் லாரி குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் ஒரு கை தப்பான பக்கம் போய்க் குளுக்கோஸ் காலக்டோஸாகிவிடும், பக்கத்தில் நின்றவர் மூக்கும் அடி வாங்கும். கண்டக்டர் உட்காரச் சொன்னார், திட்டினார்.

"திரும்பினா இவ ஃபெயிலாயிடுவாண்ணே" என்றாள். மனுஷன் என்னைப் பார்த்துவிட்டு டிக்கெட் கொடுக்கப் போனார்.

கேள்வி வந்திருந்தது. கண்ணை மூடினேன்; அவள் முதுகு தெரிந்தது. போட்டுவிட்டேன், தேறியும்விட்டேன்.

இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் நடத்தும்போது போர்டைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் கையை நீட்டுகிறேன். அவள் ஞாபகத்தில் கண் கலங்கிவிடும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொள்ள அது வசதியாகவும் இருக்கிறது.