ஒழுகுற கிளாஸுக்கு ஒரு முயல்

பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு இரக்க குணம் குறைஞ்சுபோச்சுன்னு மேலிடத்துல யாரோ கண்டுபிடிச்சுட்டாங்க. எப்படின்னு கேக்காதீங்க. ஏசி ரூம்ல உக்காந்து தேடினா எதுவும் கிடைக்கும். உடனே சுற்றறிக்கை வந்துருச்சு. "மாணாக்கர்தம் உள்ளங்களில் உயிரிரக்கம் ஊற்றெடுக்கும் பொருட்டு, ஒவ்வொரு வகுப்பறையிலும் குறைந்தபட்சம் ஒரு வளர்ப்புப் பிராணி முப்பது நாட்களுக்குள் பராமரிக்கப்படல் வேண்டும்." அதுக்கு வால் மாதிரி அறுபது பக்கத்துக்கு விதிமுறை.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறவன். படிப்பு அஞ்சாங்கிளாஸ், அதுலயும் பாதி. என் பொண்ணு அங்கயே மூணாங்கிளாஸ் படிக்குது. அந்த ரூமைப் பத்திச் சொல்லணும்னா, வெளிய மழை விட்ட பிறகும் உள்ள அரை மணி நேரம் பெய்யும். முப்பத்தோரு புள்ளைங்களும் குடை பிடிச்சுக்கிட்டுத்தான் வாய்ப்பாடு சொல்லும். போன மழையில என் பொண்ணுக்கு மட்டும் மூணு தடவை காய்ச்சல். டீச்சரம்மா கூரைக்காக ஆறு வருஷமா மனு போடுறாங்க. ஆறுக்கும் ஒரே பதில்தான், "பரிசீலனையில் உள்ளது." கூரையும் பரிசீலனை பண்ணிக்கிட்டுதான் இருந்துச்சு, விழலாமா வேண்டாமான்னு.

பிராணி தேர்வுக் கமிட்டி கூடுச்சு. ஹெட்மாஸ்டர் தலைவர், டீச்சரம்மா செயலாளர். மூணு பேர் இருந்தாத்தான் கமிட்டியாம். டீ கொண்டுபோன என்னை அப்படியே உறுப்பினராக்கி உக்கார வெச்சுட்டாங்க.

ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷன்தான். ரிட்டையராக ரெண்டு வருஷம் பாக்கி. அதுவரைக்கும் எந்த வம்புக் காகிதத்துலயும் தன் பேரு வந்துறக் கூடாதுங்கிறது ஒண்ணுதான் அவரோட கொள்கை.

"நாய்?"ன்னாங்க டீச்சரம்மா.

"கடிச்சா யாரும்மா பதில் சொல்றது?"

"கிளி வளக்கலாமே சார்"னேன் நான்.

"ஸ்டாஃப் ரூமுக்குப் பக்கத்துல கிளியா? நாம பேசுறதையெல்லாம் அது ஆபீசர்கிட்ட ஒப்பிக்கவா?"

"ஆமை?"

"நூறு வருஷம் இருக்குமே. எத்தனை ஹெட்மாஸ்டர் கைமாத்தி விடுறது?"

கடைசியில அவரே ஒரு தீர்ப்பு சொன்னாரு. "வாத்து! மேலேர்ந்து தண்ணி ஊத்தும், அது பாட்டுக்கு நீந்தும். ஒரு ரிப்பேரும் வேண்டாம். அந்த ரூமுக்குன்னே படைச்ச பிராணிம்மா அது."

டீச்சரம்மா நிதானமா நாப்பத்திரெண்டாம் பக்கத்தைப் புரட்டினாங்க. "நான் முயல்ங்கிறேன் சார். முயலுக்கு மட்டும் இங்க தனி விதி. 'மேற்படி பிராணி, ஈரம் படாத கூரையின் கீழ், மின்விசிறியும் சுத்தமான குடிநீரும் உள்ள அறையில் மட்டுமே வைக்கப்படல் வேண்டும்.'"

அப்பத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. அந்தம்மா முயலுக்குக் கூரை தேடல. கூரைக்கு முயல் தேடியிருக்காங்க.

"வாத்துதான் லட்சணமா இருக்கும்"னாரு ஹெட்மாஸ்டர்.

"அப்ப ஓட்டுக்கு விட்ருவோம் சார்."

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. என் பொழப்புல என் ஓட்டுக்கு மதிப்பு வந்தது அன்னைக்கு ஒரு நாள்தான். பொண்ணோட காய்ச்சல் ஞாபகம் வந்துச்சு. "முயல்"னேன்.

"டீயில சக்கரையே இல்லை"ன்னாரு ஹெட்மாஸ்டர்.

விஷயம் மேல போச்சு. ஆபீசரே நேர்ல வந்து கூரையை அண்ணாந்து பாத்தாரு. அதுவும் அவருக்கு மரியாதையா மூக்கு மேல ஒரு சொட்டு விட்டுச்சு.

"முயல் நனைஞ்சா என்னம்மா ஆகும்?"

"செத்துரும் சார்."

"செத்தா?"

"ஏழு காப்பியில இறப்பு அறிக்கை. அப்புறம் விசாரணை. ஆபீசர் மேலிடத்துக்கு நேர்ல போய் விளக்கம் தரணும். அம்பத்தஞ்சாம் பக்கம்."

ஆபீசர் முகம் செத்த முயல் மாதிரி வெளுத்துப்போச்சு.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "இத்தனை வருஷமா புள்ளைங்க நனையுதே சார்?"

"அதுக்கு ஃபாரம் இல்லையேப்பா"ன்னாரு, நிஜமாவே வருத்தமா.

மூணே நாள். புதுக் கூரை, ஃபேன், தண்ணி சுத்தம் பண்ற மெஷின். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை நமக்கெல்லாம் தெரியும். முயல் நனையுமேன்னு ஒரு ஆபீசே அழுததை அப்பத்தான் பாத்தேன்.

முயல் வந்துச்சு. புள்ளைங்க அதுக்கு 'துரை'ன்னு பேரு வெச்சாங்க. பேருக்குத் தக்க மாதிரி ஃபேனுக்கு அடியில உக்காந்து, எதையாவது மென்னுக்கிட்டே கண்ணை மூடிக்கும். கூப்பிட்டா திரும்பாது. ஆபீசருக்கு அதைப் பாத்ததும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

ஒரு வாரம் குடை இல்லாம வாய்ப்பாடு கேட்டுச்சு. எட்டாவது நாள் ஆபீசர் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தாரு. அந்த நேரம் பாத்து முப்பத்தோரு தொண்டையும் ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்து விட்டுச்சு. துரை ஒரே தாவுல மூலையில ஒண்டிக்கிச்சு. ஆபீசர் நின்ன இடத்துலயே எழுதிட்டாரு. "பிராணியின் மனஅமைதி குலைகிறது. இரைச்சலுக்குக் காரணமானோரை உடனடியாக அறையிலிருந்து அப்புறப்படுத்தவும்."

அப்புறப்படுத்தியாச்சு. முப்பத்தோரு பேரும் வராண்டாவுக்கு வந்துட்டாங்க. வராண்டாவுக்குப் பாதிக் கூரைதான்.

"நியாயமாப் பாத்தா, ரூம் முயல் பேருலதானம்மா சாங்ஷன் ஆச்சு?"ன்னாரு ஹெட்மாஸ்டர்.

மறுநாள் சாரல் வராண்டாவுக்குள்ளயே வந்து பாடம் நடத்துச்சு. என் பொண்ணு தும்ம ஆரம்பிச்சுட்டா. உள்ள துரை ஃபேன் காத்துல காதை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. டீச்சரம்மா அழுவாங்கன்னு பாத்தேன். அழல. மறுபடியும் அந்த அறுபது பக்கத்தை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஆபீசர் மேஜை மேல முப்பத்தோரு ஃபாரம் வெச்சாங்க. கட்டைத் தூக்கிட்டுப் போனது நான்தான், கூடவே ஹெட்மாஸ்டரும் வந்தாரு.

"என்னம்மா இது? புள்ளைங்களையெல்லாம் பிராணின்னு பதிவு பண்ணக் கேட்டிருக்கீங்க?"

"முதல் பக்கம் பாருங்க சார். வளர்ப்புப் பிராணின்னா என்ன? 'உயிருள்ளது, மனிதரால் வளர்க்கப்படுவது, வேளைக்கு உணவு கேட்பது, சொன்னதைச் செய்யப் பழக்கத் தக்கது.' இதுல புள்ளைங்ககிட்ட எது சார் இல்ல?"

ஆபீசர் நெத்தியைத் தேச்சுக்கிட்டாரு. "வால்?"

"தவளைக்கும் இல்ல சார். அது பட்டியல்ல இருக்கு."

"சத்தம் போடுமே?"

"புள்ளைங்க போட்டாத்தான் இரைச்சல். பிராணி போட்டா 'இயல்பான ஒலி'. முப்பதாம் பக்கம்."

"எல்லாம் சரி. பிராணி கேள்வி கேக்காதேம்மா?"

இந்த இடத்துலதான் ஹெட்மாஸ்டர் முதல் முறையா எங்களுக்கு உதவினாரு. "மூணாங்கிளாஸ்ல கொஞ்சம் கேக்கும் சார். அஞ்சாங்கிளாஸ் முடியறதுக்குள்ள நாங்க நிறுத்திருவோம்."

அதோட ஆபீசர் மனசு சமாதானமாச்சு. கையெழுத்துப் போட்டாரு. 'உரிமையாளர்'ங்கிற இடத்துல அப்பா அம்மாங்க நாங்களும் போட்டோம். மூணு பக்க ஃபாரம், யாரு படிச்சா? புள்ளைங்க கழுத்துல நம்பர் வில்லை மாட்டி உள்ள அனுப்பினாங்க. என் பொண்ணு பதினேழாம் நம்பர் பிராணி. வெளிய மழை கொட்டுது, உள்ள ஒரு சொட்டு இல்ல. தும்மல் நின்னுபோச்சு. துரையும் பழகிட்டாரு. ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது தாவுறதில்ல, தூங்குறாரு.

இத்தோட கதை முடிஞ்சிருக்கணும். ஆனா அந்த மூணு பக்கத்தைப் படிச்சவன் ஒருத்தன் இருந்தான். பிராணி நல இன்ஸ்பெக்டர். வீடு வீடா வந்தான்.

"பிராணியோட உரிமையாளர் நீங்கதானே? அடிக்கிறதுண்டா? கத்துறதுண்டா? தினம் ரெண்டு மணி நேரம் வெளிய ஓடியாட விடுறீங்களா?"

அடுத்த நாள் பள்ளிக்கூட வாசல்ல ஒரே கூட்டம்.

"டியூஷனுக்கு அனுப்பக் கூடாதாம்யா!"ன்னாரு தையல்காரர். "நாலு மணி நேரத்துக்கு மேல அடைச்சு வெக்கக் கூடாதாம். அப்புறம் எதுக்குய்யா பெத்தது?"

மருந்துக்கடைக்காரம்மா பொருமினாங்க. "என் தங்கச்சி வந்திருந்தா. ஆன்ட்டிக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டுடான்னேன். விருந்தாளி முன்னால வித்தை காட்டச் சொல்றது குத்தம்னு எழுதிட்டுப் போறான்!"

"எதிர்வீட்டுப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கோன்னு சொல்லக் கூடாதாம். 'வேறு பிராணியுடன் ஒப்பிட்டு மனம் நோகச் செய்தல்.' இதைக்கூடச் சொல்லாம ஒரு புள்ளைய எப்படி வளக்குறது?" இது வண்டி ஓட்டுறவரு.

நானும் சும்மா இல்ல. பொண்ணு தண்ணிச் செம்பைத் தட்டி விட்டுச்சுன்னு தலையில லேசா ஒரு குட்டு வெச்சேன். அதுக்கு மெமோ. என் பொண்ணு, என் கை, என் செம்பு, நடுவுல இவன் யாரு?

டீச்சரம்மா கேட்ல நின்னு கையெடுத்துக் கும்பிடாத குறை. "இன்னும் ரெண்டு மாசம் மழை இருக்குங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா? அடிக்காம, திட்டாம ரெண்டே மாசம்!"

"நீங்க சும்மா இருங்க டீச்சர். எங்க புள்ளை எங்களுக்குப் புள்ளையா வேணும்"னு எல்லாரும் ஒரே குரல். ஏழாம் வாய்ப்பாடு தோத்துது.

ஆபீசுல நீக்கல் ஃபாரம் தயாரா வெச்சிருந்தாங்க. வரிசையில நான் நாலாவது ஆளு. ஃபாரத்துல 'பிராணி நிலையிலிருந்து விடுவிக்கக் கோரும் காரணம்'னு ஒரு கட்டம். எனக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. முன்னாடி நின்ன தையல்காரரோடதை எட்டிப் பாத்தேன். 'பாசம்'னு எழுதியிருந்தாரு. மருந்துக்கடைக்காரம்மாவும் அதேதான். நானும் பாத்து அதையே எழுதினேன்.

சாயங்காலத்துக்குள்ள வில்லையெல்லாம் கழட்டியாச்சு. மறுநாள் காலையில மணி அடிச்சுட்டு வந்து பாக்குறேன், முப்பத்தோரு பேரும் வராண்டாவுல. நல்ல மழை. என் பொண்ணு ஒரு கையில குடையும் ஒரு கையில சிலேட்டுமா, ஜன்னல் வழியா உள்ளயே பாத்துக்கிட்டு நிக்குது.

"அப்பா, துரைக்கு அப்பா அம்மா இல்லையா?"

"இல்லம்மா."

"அதான், உள்ளயே இருக்கான்"னு சொல்லிட்டுத் தும்முச்சு.